மார்பில் கட்டி: ஊசிப் பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிடலாமா?

நொய்யல்கரை (பல்லடம்):
எங்கள் பெரியம்மாவுக்கு 48 வயது. விசைத்தறிக் கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை. இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக் கட்டி ஒன்று குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டும், வலி இல்லாததால், பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். உள்ளூர் மருத்துவர் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரோ முதலில் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் ஊசிப் பரிசோதனையும் வேண்டும் என்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். எதை முதலில் செய்வது?

மெழுகுக்கட்டி (கோவை):
திசு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். செவிலியர் சொன்ன வரிசையே சரி. மருத்துவர் தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது ஆகிய மூன்றின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கையில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடக் கூடாது. திசு அடர்த்தியாக இருந்தால் படத்தில் கட்டி மறைந்துபோகும் என்பதால் அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கும் துண்டுகள் தீக்குச்சியைவிட மெல்லியவை. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் புட்டியில் வெள்ளை நூல்போல மிதக்கும். அவற்றை மெழுகில் பதித்துச் சீவித்தான், புற்றா இல்லையா என்பதோடு, ஈஆர், பிஆர் என்னும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்னும் புரதமும் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறோம். ஹெர்2 மதிப்பெண் 3 என்றால் உண்டு, 0 அல்லது 1 என்றால் இல்லை. 2 என்று வந்தால் ஃபிஷ் என்னும் மறுசோதனைக்கு மேலும் சில நாள்கள் ஆகும். முதலில் அறுவையா, கீமோவா என்பதைக் கட்டியின் அளவும், அக்குளில் நெறிகட்டி இருக்கிறதா என்பதும், இந்த முடிவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஊசியால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. உலகெங்கும் இதுவே முதல் நடைமுறை.

பவானிக்கூடல்:
எங்கள் அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிறிய மருத்துவமனை ஒன்றில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் அதே தழும்பின் அருகே மறுபடியும் கட்டி வந்தது. எடுத்த சதையைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டதற்கு, எறிந்துவிட்டதாகப் பதில் வந்தது. ஓரங்களில் புற்று மிச்சம் இருந்ததா என்பதைக்கூட அறிய வழியில்லாமல், முழு மார்பையும் எடுக்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்திருக்கலாம் என்று பின்னர் பார்த்த மருத்துவர் சொன்னபோது, அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சென்னிமலைத்தறி:
தனி வீட்டின் கதையாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. உலக நாடுகளின் புற்றுநோய் எண்ணிக்கையை மதிப்பிடும் குளோபோகான் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தனர். உலக சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது: நோயாளிகளில் 60 விழுக்காட்டினராவது முதலிரு நிலைகளில் கண்டறியப்பட வேண்டும், மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 விழுக்காட்டினராவது சிகிச்சையை முடிக்க வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்ததில், 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றால் இறப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. கையே போதும் என்றால் நம் ஊரில் முகாமுக்கா பஞ்சம்? முகாமில் மேல்பரிசோதனைக்குச் சீட்டு வாங்கியவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கோவைக்கு எத்தனை முறை பேருந்து ஏற முடியும் என்பதில்தான், என் கணிப்பில், அந்த 60 நாள் கரைந்துபோகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் பேருந்துச் செலவும் விட்டுப்போன கூலியும் அதில் வராது.

நொய்யல்கரை (பல்லடம்):
பெரியம்மா ஊசிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார், புதன்கிழமை போகிறோம். முடிவு வந்தபின் வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால் மறுபடியும் குத்துவார்களா?

மெழுகுக்கட்டி (கோவை):
பெரும்பாலும் தேவைப்படாது, சகோதரி. அறிக்கையோடு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; வெயில் படாமல் வைத்திருங்கள், சூட்டில் மெழுகு இளகிவிடும்.