சைபர் தாக்குதலுக்கு ஏவுகணையால் பதில் தரலாமா?

வினாத்தாள்:
ஒரு நாட்டின் மருத்துவமனைப் பதிவேடுகளும் சுங்கத் துறை சர்வர்களும் ஒரே இரவில் முடங்கிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். உயிர்ச்சேதம் இல்லை. தாக்குதல் வந்தது இன்னொரு நாட்டு சர்வர்களிலிருந்து. செய்தது அந்நாட்டு உளவுத்துறையோடு தொடர்புடைய ஒரு தனியார் குழு என்று சந்தேகம். தற்காப்பு என்று சொல்லி அந்த சர்வர் கட்டடத்தின் மேல் ஏவுகணை வீச முடியுமா? முடியாதென்றால் சட்டப்படி என்னதான் செய்யலாம்? டிவி விவாதங்களில் எடுத்ததற்கெல்லாம் 'போர்ச் செயல்' என்கிறார்களே.

சாசனப்பித்தன்:
நீங்கள் சொல்லும் நிலவரத்தில் ஏவுகணைக்கு இடமே இல்லை. 'போர்ச் செயல்' என்பதை டிவியோடு விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை ஐ.நா. சாசனத்தின் இரண்டு இடங்கள். 2(4) பலப்பிரயோகத்தைத் தடை செய்கிறது. 51-ஆம் பிரிவு, 'ஆயுதத் தாக்குதல்' நடந்தால் தற்காப்பை அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே அளவல்ல. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986-இல் சர்வதேச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது: கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது பலப்பிரயோகம் ஆகலாம், ஆனால் ஆயுதத் தாக்குதல் ஆகாது. அளவையும் விளைவையும் பார்த்துத்தான் முடிவு. (அமெரிக்கா இந்த இடைவெளியை ஏற்பதில்லை, அது தனிக் கதை.)

சைபருக்கும் பெரும்பாலான நாடுகள் இதே அளவுகோலைத்தான் வைக்கின்றன: குண்டு போட்டால் நேரும் சாவு, இடிபாடு போன்ற விளைவு இருக்கிறதா? 2007-இல் எஸ்டோனியாவின் வங்கி, அரசு, செய்தித் தளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. ஆனாலும் நேட்டோவின் கூட்டுத் தற்காப்புப் பிரிவு கையில் எடுக்கப்படவில்லை. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் மையவிலக்கு எந்திரங்களையே உடைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நிரலை வேண்டுமானால் பலப்பிரயோகம் என்று வாதாடலாம்.

மீதி இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, நட்பில்லாத ஆனால் முழுக்கச் சட்டபூர்வமான செயல்: தூதரக அதிகாரிகளை வெளியேற்றுவது, தடை விதிப்பது, உறவையே முறிப்பது. 2022-இல் அல்பேனியா செய்தது இதுதான். அரசு இணையச் சேவைகள் முடங்கியதற்கு ஈரானைக் குற்றம்சாட்டி உறவைத் துண்டித்தது. இந்த வழிக்கு முன்நிபந்தனை எதுவும் கிடையாது. இன்னொன்று எதிர்நடவடிக்கை, அதாவது சாதாரண நேரத்தில் சட்டமீறலாக இருக்கும் ஒன்றைப் பதிலுக்குச் செய்வது. சிக்கலெல்லாம் இங்கேதான். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 2001 அரசுப் பொறுப்பு விதிகளில் 49 முதல் 54 வரை படியுங்கள். முதலில் 'நிறுத்து' என்று கேட்க வேண்டும். பிறகு எதிர்நடவடிக்கை எடுக்கப் போவதாக அறிவித்து, பேச்சுக்கும் அழைக்க வேண்டும். பட்ட சேதத்துக்கு ஏற்ற அளவைத் தாண்டக் கூடாது. கூடியவரை திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். பலப்பிரயோகம் கூடவே கூடாது. எதிராளி வழிக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். தண்டிப்பது இதன் நோக்கமல்ல.

கடல்நண்டு:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். அறிவித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றால் சைபரில் எதிராளி சர்வரை மாற்றிவிட்டுப் போய்விடுவான். அதற்குத்தான் அதே விதிகளில் 52(2): உரிமையைக் காக்கத் தேவையான அவசர எதிர்நடவடிக்கைக்கு முன்னறிவிப்பு வேண்டாம். பிரிட்டனும் ரகசியச் செயல்பாடுகளுக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை என்று 2018-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் கேள்வியின் உண்மையான முடிச்சு 'தொடர்புடைய குழு' என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. தொடர்பு மட்டும் போதாது. 8-ஆம் விதிப்படி, அரசின் கட்டளையிலோ வழிகாட்டலிலோ கட்டுப்பாட்டிலோ அந்தக் குழு செயல்பட்டிருக்க வேண்டும். நிகரகுவாவில் வைத்த 'செயல்முறைக் கட்டுப்பாடு' என்ற கடுமையான அளவுகோலை 2007 போஸ்னியா வழக்கிலும் நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. பணமும் மென்பொருளும் கொடுத்தது தெரிந்தாலும், குறிப்பிட்ட அந்தத் தாக்குதலை அரசு நடத்தியது என்று காட்ட வேண்டும். ஐ.பி. முகவரியை வைத்து மட்டும் இதை நிறுவ முடியாது. வழியில் இருக்கும் மூன்றாம் நாட்டு சர்வரைக் கைப்பற்றி அதிலிருந்து தாக்குவது சாதாரணம். தப்பான நாட்டின் மேல் எதிர்நடவடிக்கை எடுத்தால், நல்லெண்ணத்தோடு செய்தேன் என்ற வாதம் நிற்காது. சட்டமீறல் உங்கள் தலையில் விழும்.

கட்டுப்பாட்டை நிறுவ முடியாவிட்டால் இன்னொரு வாசல் உண்டு. தன் மண்ணிலிருந்து பிறநாட்டு உரிமைக்கு எதிரான செயல் நடப்பதைத் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது என்று 1949 கோர்ஃபு கால்வாய் தீர்ப்பு சொல்கிறது. சர்வர் விவரங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அதன்பின் 'தெரியாது' என்று அந்த நாடு சொல்ல முடியாது. இது சைபரிலும் கட்டாயக் கடமைதானா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை என்றாலும், அந்தக் கடிதத்தை அனுப்புவதில் நட்டமில்லை.

வினாத்தாள்:
இருவருக்கும் நன்றி. பாதிக்கப்பட்ட நாட்டிடம் சைபர் திறனே இல்லையென்றால், நட்பு நாடு அதற்காக எதிர்நடவடிக்கை எடுக்கலாமா?

சாசனப்பித்தன்:
தற்காப்பு என்றால் கூட்டாகச் செய்ய 51-ஆம் பிரிவே இடம் தருகிறது. எதிர்நடவடிக்கையில் அப்படியில்லை, 54-ஆம் விதி முடிவைத் திறந்தே விட்டுவிட்டது. எஸ்டோனியா 2019-இல் கூடும் என்றது, அதே ஆண்டு பிரான்ஸ் கூடாது என்றது. தடயங்களை ஆராய்ந்து கொடுப்பது, சர்வர்களை மீட்க ஆள் அனுப்புவது, தன் பங்குக்குத் தடை விதிப்பது ஆகியவற்றுக்கு இந்தச் சர்ச்சையே தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சைபர் தடைகளுக்கென்றே தனி ஏற்பாடு செய்து, 2020 ஜூலையில் முதல் பட்டியலை வெளியிட்டது. நட்பு நாட்டைக் கேட்பதென்றால் முதலில் இதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.