மூன்று பாட்டுக்கும் ஒரே இசையா? யார் யாரிடம் எடுத்தது?

உப்புவெளிப் பொடியன்:
போன கிழமை சித்தி மகளின் பிறந்தநாளுக்கு வீட்டு முற்றத்தில் நான்தான் பாட்டுப் போட்டேன். ஜமேக்காப் பாடகர் ஷான் பாலின் ‘கெட் பிஸி’ முடிய வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’, அதுக்குப் பிறகு லூமிடீயின் ‘நெவர் லீவ் யூ’ என்று வரிசை தற்செயலாக அமைந்துவிட்டது. கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற மாமா வந்து, "தம்பி, ஏன் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுகிறாய்?" என்றார். இரவு ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி, அந்தக் கைதட்டல் மூன்றிலும் அப்படியே இருக்கிறது. இதில் யார் முதலில் போட்டது? வழக்கு ஒன்றும் வரவில்லையா?

நிலாவெளி அண்ணா:
மாமாவுக்கு நல்ல காது. ஆனால் இது களவு இல்லை தம்பி. ஜமேக்காவில் அந்தப் பின்னணி இசையை ‘ரிடிம்’ என்பார்கள், ரிதம் என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி வரும். தயாரிப்பாளர் முதலில் இசையை மட்டும் செய்து வைப்பார், பிறகு ஒவ்வொரு பாடகராக வந்து அதே இசைக்கு மேல் தன் மெட்டையும் தன் வரியையும் பாடிப் பதிந்துவிட்டுப் போவார். நீங்கள் போட்டது ‘திவாலி’ ரிடிம், ஆம், தீபாவளியின் பெயர்தான். செய்தவர் ஸ்டீவன் ‘லெங்கி’ மார்ஸ்டன். 2002இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் இந்த ஒரே இசையில் பலர் பாடியதைத் தனி ஆல்பமாகவே வெளியிட்டது, 2003இல் ‘கெட் பிஸி’ அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் முதலாம் இடத்துக்கே போனது. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கப்பலில் ஜமேக்காவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அதனால் தீபாவளி அந்தத் தீவுக்குப் புதிய சொல் இல்லை.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் தற்செயலாகச் செய்ததை அங்கே வேண்டுமென்றே செய்வார்கள். ஒரே ரிடிமில் உள்ள பாட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று கோர்த்துப் போடுவார்கள், ஆடுகிறவர்களின் கால் நிற்காது, குரல் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

கோணேசர் வீதி:
எனக்கு இது எங்கள் வர்ணமெட்டு மாதிரித்தான் தெரிகிறது. அம்மம்மாவின் பழைய பக்திப் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

மிருதங்கம் திருமலை:
கிட்ட வந்துவிட்டீர்கள், ஆனால் தலைகீழ். வர்ணமெட்டில் மெட்டு அதே, சொல் வேறு. ரிடிமில் இசை அதே, மெட்டே வேறு. ஷான் பால் சொற்களை மேளத்தோடு மேளமாக உருட்டிக்கொண்டு போகிறார், வெய்ன் வொண்டர் அதே தட்டலுக்கு மேல் இழுத்து இழுத்துக் காதல் பாடுகிறார். பவுண்டி கில்லர் ‘சஃபரர்’ என்று ஏழைகளின் பாட்டைப் பாடியதும் இதே திவாலியில்தான், இசையை மறந்து குரலை மட்டும் பிடித்தால் மூன்றும் மூன்று உலகம். எங்கள் தீவில் தேடினால் சிங்களத்து வாத பைலாவைத்தான் பக்கத்தில் வைப்பேன், எல்லோருக்கும் ஒரே தாளம், போட்டியாளர்கள் மேடையிலேயே பாட்டுக் கட்டி மோதுவார்கள்.

அந்தக் கைதட்டலைச் சும்மா கேட்டுவிட்டு விடாதீர்கள். காலால் சீராகத் தாளம் போட்டுக்கொண்டு கையால் அதைத் தட்டிப் பாருங்கள், கை தாளத்தின் மேல் விழாமல் இடுக்கில் விழும். எனக்குப் பிடிபட இரண்டு நாள் எடுத்தது. வாத்தியம் எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் தெரியும், அந்த வெற்றிடம் பாடகருக்காக விட்டது.

உப்புவெளிப் பொடியன்:
எல்லோருக்கும் நன்றி. பவுண்டி கில்லரின் பாட்டை இப்போதுதான் கேட்டேன், இவ்வளவு பாரமான விஷயத்தை அதே கைதட்டலில் கேட்க உடம்பு சிலிர்த்தது. இதே மாதிரி வேறு ரிடிம்?

நிலாவெளி அண்ணா:
‘ஸ்லெங் டெங்’கில் தொடங்குங்கள். 1985, தயாரிப்பு கிங் ஜாமி, முதலில் பாடியவர் வெய்ன் ஸ்மித். கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ‘ராக்’ தாளத்தை வேகம் குறைத்து எடுத்தது, பேஸ் கிட்டார் வாசிக்கிற கலைஞரே இல்லை. பிறகு பின்னால் போய் 1967இன் ‘ரியல் ராக்’, ஜமேக்காவின் ஸ்டூடியோ ஒன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்தது. மாமாவையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்.