நல்வரவு என்று அச்சடித்த 60 பைகள்

ஈரோட்டிலிருந்து:

அண்ணன் மகளின் காதுகுத்துக்குத் தாம்பூலம் கொடுக்க 60 பைகள் வேண்டியிருந்தன. நானே திரை அச்சு முறையில் அச்சடிப்பது என்று முடிவு செய்தேன். எம்பிராய்டரி வளையத்தில் ஆர்கன்சா துணியைப் பறைத்தோல் போல இறுக்கிக் கட்டினேன். சாயம் ஊடுருவி இறங்கும் திரை அதுதான். தாளில் 'நல்வரவு' என்று எழுதிப் பிளேடால் வெட்டத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. 'ல'விலும் 'வ'விலும் சுழி உண்டு. கோட்டை வெட்டி எடுத்தால் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டும் உதிர்ந்துவிடுகிறது. அதைப் பாலம் விட்டு இணைத்தால் எழுத்து உடைந்து தெரிகிறது. நம் எழுத்தை உடைத்து அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

வெட்டிய தாளைப் பையின் மேல் வைத்து, உதிர்ந்த துண்டுகளை இடுக்கியால் அவற்றின் இடத்தில் வைத்தேன். அதன்மேல் வளையத்தைத் துணிப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, துணிச் சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரு முறை இழுத்தேன். வளையத்தைத் தூக்கியபோது சாயத்தின் ஈரத்தில் தாளும் துண்டுகளும் திரையில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தன. பையில் 'நல்வரவு' முழுதாக இருந்தது! இரண்டாவது பைக்கு எதையும் அடுக்க வேண்டியிருக்கவில்லை. இதே சிக்கலுக்கு ஜப்பானில் கிமோனோ துணிக்கு அச்சுத்தாள் வெட்டியவர்கள், இரண்டு தாள்களுக்கு நடுவே பட்டு நூல் வைத்து ஒட்டினார்கள் என்று பின்னர் படித்தேன். அவர்கள் பட்ட பாடு எனக்கு நன்றாகப் புரிந்தது.

27 பைகள் முடிந்ததும் தாள் ஊறிக் கிழிந்தது, இன்னொன்று வெட்டினேன். ஒரு நாள் காயவிட்டு, மறுபுறத்தில் இஸ்திரி போட்டேன்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். காடாத் துணிக்கு மஞ்சள் நீரிலேயே நிறமேற்றியிருந்தேன். ஒரு பையைச் சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்தால் செக்கச் செவேல் என்று மாறிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவப்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவள் நான், சோப்பிலும் காரம் இருப்பதை மறந்துவிட்டேன். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசியதும் மஞ்சள் திரும்பியது. இப்போது பையைக் கொடுக்கும்போதே துவைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியிலிருந்து:

சகோதரி, பதினாறு வயதில் அழைப்பிதழ் அச்சடிக்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தாளை வெட்டாமல், ஒளி பட்டால் இறுகும் பசையைத் திரையில் பூசி எழுத்தை உண்டாக்குவோம். அந்தப் பசையில் ஆரஞ்சு நிற பைக்ரோமேட் தூளை வெறுங்கையால் கலப்போம். விரலிடுக்கில் புண் வந்து ஆறவே ஆறாது. அது குரோமியம் கலந்த நஞ்சு, புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என்று அப்போது எங்களிடம் சொல்ல யாரும் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் என்ற திரைப் பூச்சு இப்போது கலந்தே கிடைக்கிறது. கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியில் அச்சடிக்க, திரைக்குச் சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை போதும். தாளுக்கு 77 அல்லது அதற்கு மேல் நல்லது. ரப்பர் பட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் கோடு விழும்.

சென்னையிலிருந்து:

நான் செய்வது ஒட்டுப்படம். பழைய பஸ் டிக்கெட், பஞ்சாங்கத் தாள், புடவைக் கரை ஆகியவற்றை அட்டையில் ஒட்டி, அதன்மேல் திரை அச்சில் புள்ளிக்கோலம் இடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போய்வந்த பிறகு தொடங்கிய ஆர்வம் இது. 1966இல் அதைத் தொடங்கிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் எழுத்தையும் ஜாதகக் கட்டங்களையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். அங்கிருந்த கலைஞர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கு வழி தேடிக்கொண்டார்கள். கைவினையைக் கீழாகப் பார்ப்பவர்களிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

என் தாத்தா பேனா மையில் எழுதிய இன்லேண்டு கடிதம் ஒன்றைப் பசை தடவி ஒட்டினேன். கண்ணெதிரே மை கரைந்து நீலக் குளமாகிவிட்டது. அவர் கையெழுத்தில் இருந்த ஒரே கடிதம் அது. தயவுசெய்து மூலத்தை ஒட்டாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், அந்தக் கறுப்பு ஈரத்தில் கரையாது.

மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அச்சடியுங்கள். இரண்டு இழுவைக்கு நடுவே திரையின்மேல் சாயத்தை மெல்லப் பரப்பி வையுங்கள். இல்லையென்றால் வலைக்கண்ணில் சாயம் காய்ந்து, திரையே பாழாகும்.

மீண்டும் ஈரோட்டிலிருந்து:

சிவகாசி அண்ணா, தை மாதம் வளைகாப்புக்கு எமல்ஷனில் செய்து பார்க்க நினைக்கிறேன். வெயிலில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்?

சிவகாசியிலிருந்து:

மாதத்துக்கு மாதம் அது மாறும் அம்மா. சிறு திரை ஒன்றில் எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்து, எழுத்து கறுப்பாக உள்ள, ஒளி புகும் படத்தாளை அதன்மேல் வையுங்கள். வெயிலுக்குக் கொண்டுபோய் நிமிடத்துக்கு ஒரு பட்டையாக அட்டையால் மூடிக்கொண்டே வாருங்கள். பிறகு தண்ணீரில் அலசினால் எந்தப் பட்டையில் எழுத்து சுத்தமாகத் திறந்து, சுற்றியுள்ள பூச்சு கரையாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் வீட்டு வெயிலின் கணக்கு. சுழி உதிர்கிறதா என்றும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.