நிருபர் வந்தார், படம் எடுத்தார், செய்தி எங்கே போனது?

வைகைக்கரை எழுதியது:

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சி. எங்கள் தெருவில் ஆறு மாதத்துக்கு முன்னால் கட்டிய வடிகால் முதல் மழைக்கே உட்கார்ந்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை வந்தது. போன வாரம் தெருப் பெண்கள் வாளியும் துடைப்பமுமாகப் போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம். நானும் அங்கேதான் நின்றேன்.

நிருபர்கள் நாலு பேர் வந்தார்கள். எதிர் கடையில் டீ வாங்கிக் கொடுத்தோம். காசு கொடுக்கவிடாமல் ஒருவர் அவரே கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்தான் எங்கள் அம்மா பேசியதை முழுசாகப் பதிவு செய்தார். கான்ட்ராக்ட் எடுத்தது யார், அவர் யாருக்கு மைத்துனர் என்பது வரை அம்மா சொன்னார்.

ராத்திரி அப்பா பார்க்கிற சேனலில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டு மாமா பார்க்கிற சேனலில் பத்து வினாடி வந்தது, அதிலும் மறியலுக்கே வராத ஒரு கட்சிக்காரர் பேட்டி கொடுக்கிறார், பின்னால் எங்கள் வாளிகள் தெரிகின்றன. மறுநாள் பேப்பரில் உள்ளே நாலு வரி: சாலை மறியலால் போக்குவரத்து பாதிப்பு. அம்மா பேசியது எதிலும் இல்லை.

மேலிடத்திலிருந்து போன் போட்டு நிறுத்துகிறார்களா? இல்லை அந்த நிருபரே பணம் வாங்கிவிட்டாரா? அப்பா, "எல்லாப் பயலும் விலை போனவன்" என்கிறார். எனக்கு அப்படி நம்பப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


மேலூர்க்காரன் எழுதியது:

தம்பி, பதினேழு வருஷம் தாலுகா நிருபராக இருந்தவன் நான். பத்திரிகை பெயர் வேண்டாம். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அதனால் யாருக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை.

முதலில் போன் விஷயம். மேலே இருந்து அடிப்பது நடக்காமல் இல்லை. 1987இல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனை நம் சட்டமன்றமே ஜெயிலுக்கு அனுப்பியது. 2003 நவம்பரில் இந்து நாளிதழ்க்காரர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று அதே சட்டமன்றம் தீர்மானம் போட்டது, உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக விகடன் இணையதளத்தையே மத்திய அரசு முடக்கியது. அந்தக் கார்ட்டூனை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திறந்தது. ஆட்சிகள் வேறு, கட்சிகள் வேறு, கை ஒன்றுதான். ஆனால் அந்த அடி ஊருக்கே தெரியும். வாங்கிய பத்திரிகைக்கு மரியாதைதான் கூடும்.

உங்கள் வடிகாலுக்கு யாரும் போன் போட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய விஷயம் இல்லை அது. போன் இல்லாமலே நிற்கும்.

எப்படி என்று சொல்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் என்று வந்தது பெட்ரோலுக்கும் போனுக்கும் சரியாகிவிடும். வீடு நடந்தது விளம்பரக் கமிஷனில். 15 சதவீதம். தீபாவளி மலர், பொங்கல் மலர், தலைவர் பிறந்த நாள், ஆண்டு விழா என்று வருஷத்துக்கு ஐந்தாறு தடவை டார்கெட் வரும். மேலூர் மாதிரி ஊரில் யாரிடம் போய் விளம்பரம் கேட்பீர்கள்? நகைக்கடை இரண்டு, ஜவுளிக்கடை ஒன்று, தனியார் பள்ளி மூன்று. மீதி எல்லாம் சேர்மன், கவுன்சிலர், ஒன்றியச் செயலாளர், கான்ட்ராக்டர். பிறந்த நாளுக்கு அரைப் பக்கம் வாழ்த்துச் சொல்கிறவரும் வடிகால் கட்டுகிறவரும் எங்கள் ஊரில் ஒரே ஆள். போன மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு செக் வாங்கி வந்தவன், இந்த மாதம் அவர் பெயரைப் போட்டு எழுத வேண்டும். கை வராது தம்பி. யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் வராது.

ஒரு தடவை வந்தது. ஒரு கண்மாய்க்கரைத் தார்ச்சாலை, போட்டு நாற்பது நாளில் காலால் பெயர்க்கலாம் போல ஆகிவிட்டது. நான் பெயர்த்துக் காட்டியே படம் எடுத்தேன். ஒப்பந்ததாரர் பெயர், தொகை எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் அனுப்பினேன். மறுநாள் வந்தது என்ன தெரியுமா? 'சாலையைச் சீரமைக்க பொதுமக்கள் கோரிக்கை'. படம் வந்திருந்தது, என் கால் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. டெஸ்க்கில், அதாவது செய்தியை வெட்டித் திருத்திப் பக்கத்தில் போடுகிற இடத்தில், கேட்டேன். "செய்தி போட்டாச்சே அண்ணே, இன்னும் என்ன?" என்றார் அந்தப் பையன். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஒரு வரிகூடத் தவறு இல்லாத செய்தி அது. போட்டவன் பெயர்தான் இல்லை.

அன்றிலிருந்து பேப்பரை வேறு மாதிரி படிக்கப் பழகினேன். 'பொதுமக்கள் கோரிக்கை' என்றால் யார் மீது குற்றம் என்று நிருபருக்குத் தெரியும், எழுத முடியவில்லை. 'பொதுமக்கள் அவதி' என்றால் அதிகாரியிடம் பதில் கேட்கவே இல்லை. 'போக்குவரத்து பாதிப்பு' என்று உங்கள் மறியல் வந்திருக்கிறதே, அது போலீஸ் ஸ்டேஷனில் கேட்டு எழுதிய செய்தி, உங்கள் தெருவில் கேட்டது இல்லை. எல்லா நேரமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிக்கு மேல் சரியாக இருக்கும்.

அரசு விளம்பரமும் இதே கதைதான், அளவு பெரிது. செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வரும் முழுப்பக்க விளம்பரம் நின்றால் சின்னப் பத்திரிகை அந்த மாதச் சம்பளத்துக்குத் திணறும். மிரட்ட வேண்டியதே இல்லை. விளம்பரம் வந்துகொண்டிருந்தாலே போதும்.

டீக்குக் காசு கொடுத்தாரே, அவரைச் சந்தேகப்படாதீர்கள்.


கேபிள் கண்ணன் எழுதியது:

அண்ணன் பேப்பர் பக்கம் சொல்லிவிட்டார், டிவி பக்கம் நான் சொல்கிறேன். 1996இலிருந்து கேபிள் தொழில்.

2001 ஜூன் 30 மறக்க முடியாது. சனிக்கிழமை. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் கலைஞரைக் கைது செய்கிறார்கள். காலையில் சன் டிவியைப் போட்டால் வயசான மனிதரை இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவர் கத்துகிறார், அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஜெயா டிவியைப் போட்டால் போலீஸைத் தள்ளுவது யார், தடுத்தது யார் என்று அதே ராத்திரியை வேறு துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். ஒரே வீடு, ஒரே கைது. என் கஸ்டமர் ஒருத்தர் போன் போட்டு, "ரெண்டையும் ஒரே ஸ்க்ரீன்ல போட முடியுமாய்யா?" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அப்புறம் ஒன்று. சேனலை நிறுத்தத்தான் வேண்டும் என்றில்லை. அப்போதெல்லாம் பழைய டிவியில் பின்னால் இருக்கிற அலைவரிசை சரியாக இழுக்காது, புள்ளி புள்ளியாக விழும். பிடிக்காத சேனலைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் முடிந்தது. "லைன்ல இருக்கே சார்" என்று நாங்களும் சொல்வோம். இதற்காகத்தான் கேபிளைக் கையில் வைத்திருக்க அத்தனை போட்டி. 2007இல் கலைஞரின் உறவினர்களான, சன் டிவிக் குடும்பத்து மாறன் சகோதரர்களோடு சண்டை வந்ததும் திமுக அரசு அரசு கேபிளைத் தொடங்கியது, அவர்கள் ராசியானதும் அது படுத்துவிட்டது, 2011இல் ஜெயலலிதா தூசி தட்டி 70 ரூபாய்க்குக் கொடுத்தார். மக்களுக்கு லாபம்தான். ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் என்பது அரசாங்கத்தின் கைக்குப் போனது.


நடுநிலை நக்கீரன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கட்சி டிவியை மட்டும் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கலைஞர் டிவி யாருடையது, நியூஸ் ஜெ யார் பக்கம், மக்கள் டிவி யாருடையது என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்தே பார்க்கிறார்கள். முரசொலியை வாங்குகிறவர் நடுநிலைச் செய்தி தேடி வாங்குவதில்லை. ஆபத்து எங்கே என்றால் 'நாங்கள் யாருக்கும் சார்பில்லை' என்று சொல்லிக்கொண்டு, பின்னால் கல்லூரியும் குவாரியும் கப்பலும் வைத்திருக்கிறவர்களிடம். 2022 கடைசியில் என்டிடிவி அதானி கைக்குப் போனபோது ஒரு கட்சியும் அதை வாங்கவில்லை, ஒரு தொழிலதிபர்தான் வாங்கினார். கட்சிக் கொடி கட்டிய வண்டியில் ஏறினால் எங்கே போகும் என்றாவது தெரியும்.


மேலூர்க்காரன் எழுதியது:

நக்கீரன் சார், கொடி கட்டிய வண்டியும் எங்கே போகும் என்று தெரியாது.

2007 மே 9. நான் அன்று மதுரையில்தான் இருந்தேன், ஒரு கோர்ட் செய்திக்காக. தினகரன் அப்போது மாறன்களிடம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்குமா தெரியவில்லை. கலைஞருக்குப் பிறகு யார் என்று ஒரு சர்வே போட்டார்கள். குடும்பப் பத்திரிகையில், குடும்பத்தைப் பற்றி. அவ்வளவுதான். ஆபீஸைக் கொளுத்தினார்கள். புகையில் செத்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள், ஒருவர் வாட்ச்மேன். சர்வே எடுத்தவரும் இல்லை, போட்டவரும் இல்லை, பிரியாணியை விட்டுவிட்டு எழுந்து ஓடிய என்னைப் போல நிருபர்கூட இல்லை. நாலே மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, கலைஞர் டிவி வந்துவிட்டது. அப்புறம் இரு வீடும் ராசியாகிவிட்டது. 2009இல் கீழ்க்கோர்ட்டில் எல்லோரும் விடுதலை. 2019இல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பன்னிரண்டு வருஷம்.

அதனால் உரிமையாளர் யார் என்று தெரிந்தால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். முதலாளி இல்லாத பத்திரிகை கிடையாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இரண்டும் தெரிந்ததனால்தான் ஜெராக்ஸ் கடை.


வைகைக்கரை எழுதியது:

மேலூர் அண்ணே, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 2001 வந்ததும், "நான் அன்னைக்கு ஒரு சேனல்தான் பாத்தேன்" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் அந்த நிருபருக்குப் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்கலாமா? நம்பர் இருக்கிறது.


மேலூர்க்காரன் எழுதியது:

கேட்காதீர்கள் தம்பி. அவருக்குப் பதில் தெரியும், சொல்ல முடியாது, சங்கடம்தான் மிஞ்சும்.

அவருக்குத் தேவை காகிதம். அம்மா சொன்னது பேச்சு. பேச்சை டெஸ்க் சுலபமாக வெட்டும், 'ஆதாரம் இல்லை, கேஸ் வரும்' என்று ஒரு வார்த்தை போதும். முத்திரை குத்திய காகிதத்தை வெட்டுவது கொஞ்சம் கஷ்டம். பேரூராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. வடிகால் வேலையின் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம்) நகல், கடைசி பில் தொகை, இந்த நாலும் கேளுங்கள். எம்-புக்கை விட்டுவிடாதீர்கள், அதில்தான் எத்தனை மீட்டர் கட்டியதாக எழுதிப் பணம் வாங்கினார்கள் என்று இருக்கும். நீங்கள் டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள்.

பதில் வந்ததும் அதே காகிதத்தை நாலு நிருபருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தால் அவருக்குப் பாரம். நாலு பேரிடம் இருக்கிறது என்று தெரிந்தால், 'அவன் போட்டுவிடுவான், நாம் விட்டுவிட்டோம் என்றாகும்' என்று டெஸ்க்கில் சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

மனு எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், கடையில் மாதிரிப் படிவம் வைத்திருக்கிறேன்.