10 கோல் அடித்த கோட்ஃபிரீட் ஃபுக்ஸ் பெரிய ஆட்டக்காரரா?

நடுக்களம்:
கோட்ஃபிரீட் ஃபுக்ஸை ஜெர்மன் கால்பந்தின் முதல் பெரிய ஸ்டிரைக்கர் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ரஷ்யாவை 16-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் 10 கோல் இவருடையது, சரி. ஆனால் அது பதக்க வாய்ப்பை இழந்த அணிகளுக்கான ஆறுதல் போட்டி. நாட்டுக்காக ஆடிய 6 ஆட்டங்களில் மொத்தம் 13 கோல். அந்த ஒரு நாளைக் கழித்தால் 5 ஆட்டத்தில் 3 தான்.

பழையபந்து:
கழிப்பானேன் நண்பரே? ஒரே சர்வதேச ஆட்டத்தில் 10 கோல் என்பதை 2001 வரை யாரும் தாண்டவில்லை. கிளப் ஆட்டத்தையும் பாருங்கள். 1910-இல் ஜெர்மன் சாம்பியனான கார்ல்ஸ்ரூ எஃப்வி அணியின் சென்டர் ஃபார்வர்ட் அவர். சம்பளமில்லாத காலம், பிழைப்புக்குக் குடும்பத்தின் மர வியாபாரம். அந்த அணியைச் சிறுவனாகப் பார்த்து மயங்கியவர்தான் 1954-இல் உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர் செப் ஹெர்பர்கர்.

இன்னொன்று. ஃபுக்ஸ் யூதர். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கம் வாங்கியவர், 1937-இல் உயிர் பிழைக்க நாட்டைவிட்டு ஓடினார். கடைசியில் கனடா. பெயரைக்கூட காட்ஃப்ரி ஃபோக்ஸ் என்று மாற்றிக்கொண்டார். நாஜிக்கள் அவர் பெயரை ஆட்டப் பதிவுகளிலிருந்தே மறைக்கப் பார்த்தார்கள். இன்று நாமும் கழிக்க வேண்டுமா?

நடுக்களம்:
அவர் பட்ட துன்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. துன்பம் வேறு, ஆட்டத்திறன் வேறு என்கிறேன், அவ்வளவுதான்.

பழையபந்து:
ஹெர்பர்கருக்குத் திறன் தெரியாதா? 1972-இல் மியூனிக் மைதானத் திறப்பு ஆட்டத்துக்கு ஃபுக்ஸை விருந்தினராக அழைக்கச் சொல்லி ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் மறுத்துவிட்டது. ஒரு விமான டிக்கெட்! அது கிடைத்திருந்தாலும் அவரால் வந்திருக்க முடியாது. அந்த பிப்ரவரியிலேயே மான்ட்ரியலில் இறந்துவிட்டார்.

நடுக்களம்:
அந்த மறுப்பு அநியாயம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் கார்ல்ஸ்ரூ அணியில் சிறந்த ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது ஜூலியஸ் ஹிர்ஷ். 1912 மார்ச்சில் ஹாலந்துடன் 5-5. அதில் 4 கோல் அவருடையது, அதுவும் நல்ல அணிக்கு எதிராக. அவரும் யூதர். 1933-இல் யூதர்களை நீக்கப்போகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, தன் கிளப்புக்குத் தானே விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச்சில் அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்கு ரயிலேற்றினார்கள். திரும்பவில்லை.