சவுக்குச் சாரத்துக்குத் தடை வேண்டுமா?

செம்மண்டலத்தான் – ஞாயிறு, இரவு 8.40

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடிக்கு வெளிப்பூச்சு நடந்தது. ஏறி நின்று வேலை செய்யச் சவுக்கு மரக் கம்புகளால் கட்டிய சாரத்தில் நின்ற கொத்தனார் பலகையின் நுனியில் கால் வைத்திருக்கிறார். மறுமுனை எழும்பியது, ஆள் கீழே. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பலகை எதனோடும் கட்டப்படவில்லை. கம்புகளைக் கட்டியிருந்த கயிறு சிமெண்ட் தண்ணீரில் ஊறி ஊறிச் சாம்பல் நிறமாகி இருந்தது. ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்தேன், நார் நாராகக் கையோடு வந்தது. அதில் நின்றுதான் மனிதர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் சவுக்குச் சாரத்தை ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டும். இனி இரும்புச் சாரம்தான் என்று ஆக்க வேண்டும். உங்கள் கருத்து என்ன?

கரணை மேஸ்திரி – இரவு 9.15

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆளைத் தள்ளியது பலகை, கெட்டுப் போனது கயிறு. தண்டனை மட்டும் சவுக்குக்கா?

22 வருடமாகச் சவுக்கில் ஏறி இறங்குகிறேன். நம் கடலோரத்தில் விளைகிற மரம், நல்ல கம்பாகப் பொறுக்கினால் கனம் தாங்கும். இரும்புக் குழாயில் மட்டும் என்ன? குழாய்களை இணைக்கிற கிளாம்பை ஒழுங்காக முடுக்காமல் விட்டால் அதுவும் சரியும். புதுப்பாளையம் சந்துக்குள் இரும்புச் சாரம் ஏற்றிய லாரியைக் கொண்டுவந்து காட்டுங்கள், நான் மாறிக்கொள்கிறேன்.

சொந்தவீடு – இரவு 9.50

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. ஆனால் செலவு எங்கே போய் முடியும்? சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் ரேட் பேசும்போது "எல்லாம் அடக்கம் சார்" என்கிறீர்கள். அப்புறம் விழாமல் காக்கிற பெல்ட், வலை என்று தனியாகக் கேட்டால் பேங்க் லோனில் கட்டுகிறவன் என்ன செய்வான்?

நானும் ஆறு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தவன்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒன்றில் ஆணி போட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆட்களுக்கே அக்கறை இல்லையென்றால் ஓனர் என்ன பண்ண முடியும்?

சைட் இன்ஜினியர் – இரவு 10.30

ஹெல்மெட் சண்டைக்கு முன்னால் ஒரு விஷயம். கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இல் வந்தது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடத்துக்கு அது பொருந்தவில்லை. 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் கட்டிய சொந்த வீட்டுக்கும் பொருந்தவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த ரூபாய் வரம்பை 50 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். நம் தெருக்களில் ஆறேழு ஆட்களோடு நடக்கிற வேலைகளில் எத்தனை இதில் மாட்டும்? செம்மண்டலத்தார் தடை கேட்கிறார், சரி. எந்தச் சட்டத்தை வைத்து எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

கட்டுமானப் பாதுகாப்புக்கென்றே உலகத் தொழிலாளர் அமைப்பின் 167ஆம் உடன்படிக்கை 1988இல் வந்தது. சீனாவும் பிரேசிலும்கூட ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டன, நாம் போடவில்லை. 2014இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தபோது நாடே பேசியது. ஒருவர் ஒருவராக விழுவதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இரும்புச் சாரம் என்றால் கரண்ட் கம்பியையும் பார்க்க வேண்டும். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் பால்கனியில் நின்று கை நீட்டினால் எட்டுகிற வீடுகள் உண்டு. அங்கே 20 அடிக் குழாயைத் தூக்கித் திருப்பினால் கதை முடிந்தது. ஈரச் சவுக்கிலும் கரண்ட் பாயும், அது வேறு.

பெல்ட் பற்றி: ஒரு சைட்டில் எல்லோரும் பெல்ட் போட்டிருந்தார்கள், கொக்கியை மாட்டியிருந்தது அவர்கள் நின்ற அதே சவுக்குக் கம்பில். சாரம் சரிந்தால் பெல்ட்டும் கூடவே வரும். மேல் தளத்துத் தூணிலிருந்து தனிக் கயிறு இறக்கி அதில்தான் மாட்ட வேண்டும்.

முள்ளோடை பஸ் – இரவு 11.05

சொந்தவீடு சார், என் அம்மா சித்தாள். கடலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறார். தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிச் சட்டி தூக்குகிறவர் உங்கள் ஹெல்மெட்டை எங்கே போடுவார்? சும்மாட்டுக்கு மேலேயா, கீழேயா? அக்கறை இல்லை என்று எழுதுவதற்கு முன் ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம்.

தளம் போடுகிற நாளில் இரவு வந்து கையை விரிக்க மாட்டார். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக இருக்கும். ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும், அதில் உள்ள குரோமியம் அலர்ஜியைக் கிளப்பும். கையுறை கேட்டதற்கு ஒரு ஓனர், "தேங்காய் எண்ணெய் தடவிக்கோ" என்றாராம்.

இன்னொன்றும் உண்டு. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று செஸ் என்ற தனி வரியாக வசூலிக்கிறார்கள். புதுச்சேரிக் கட்டடத்தின் செஸ் புதுச்சேரித் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. அம்மாவின் பதிவு அட்டை தமிழ்நாட்டு வாரியத்தது. அவர் மண் சுமந்த கட்டடத்தின் பணம் ஒரு வாரியத்தில், அவர் பெயர் இன்னொரு வாரியத்தில்.

சொந்தவீடு – இரவு 11.20

சும்மாடு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மன்னிக்கவும். ஆனாலும் கேட்கிறேன், நான் என்ன கம்பெனியா நடத்துகிறேன்? வாழ்நாளில் ஒரு வீடு. பாதுகாப்பு மேஸ்திரியின் பொறுப்பு.

கரணை மேஸ்திரி – திங்கள், காலை 5.50

சார், வெளிப்படையாகவே சொல்கிறேன். ரேட்டைக் குறைக்கச் சொல்கிறீர்கள், குறைக்கிறேன். இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு மேஸ்திரி பத்து ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார். குறைத்ததை நான் எங்கே பிடிப்பேன்? கொத்தனார் கூலியில் கை வைத்தால் மறுநாள் ஆள் வராது. அதனால் பழைய கயிற்றையே இன்னொரு வீட்டுக்கும் கட்டுகிறேன். நானும் செய்திருக்கிறேன். அந்தச் செம்மண்டலத்துக் கயிற்றைப் பற்றிப் படித்ததும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

சைட் இன்ஜினியர் – காலை 7.10

மேஸ்திரி, அப்படியென்றால் கயிறு, பலகை, கைப்பிடி மூன்றையும் சதுர அடிக் கணக்கிலிருந்து பிரித்துத் தனி வரியாக எஸ்டிமேட்டில் எழுதுங்கள். கம்பிக்கும் மணலுக்கும் தனியாக எழுதுகிறோமே. அப்படியே செப்டிக் டேங்க் பள்ளத்துக்கும் ஒரு வரி. ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டினால் பக்கத்துக்கு முட்டுப் பலகை வேண்டும். தேவனாம்பட்டினம் மாதிரி மணல் பாங்கில் அதற்குள்ளேயே சரியும். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும்.

செம்மண்டலத்தான் – காலை 7.45

தடை என்றதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இரண்டு மாடிக்கு மேல் போனால் இரும்புதான் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. அதற்குக் கீழே சவுக்கு இருக்கட்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் புதுக் கயிறு.

சொந்தவீடு – காலை 8.00

தனி வரி எழுதினால் எந்த ஓனரும் முதலில் அடித்து நீக்குகிற வரி அதுதான். சும்மா சொல்லவில்லை, நானும் அடித்திருப்பேன்.

கரணை மேஸ்திரி – செவ்வாய், இரவு 8.20

லாஸ்பேட்டையில் இன்று சாரம் கட்டினோம். புதுக் கயிறு. பலகையின் இரண்டு நுனியையும் கட்டச் சொல்லிவிட்டேன். இடுப்பு உயரத்தில் கைப்பிடிக்குக் குறுக்குக் கம்பு கூடுதலாக வேண்டும் என்று ஓனரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, வாங்கிக்கோ. பில் மட்டும் கொண்டு வா" என்றார்.

சவுக்குக் கம்புக்கு எந்தக் கடையில் பில் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.