விலை குறைவாகக் கொடுத்தும் டெண்டர் கைநழுவியது ஏன்?

கேள்வி – கோவை பட்டறைக்காரர்

வணக்கம். கோயம்புத்தூரில் 9 பேர் வேலை செய்யும் ஒரு சிறிய இரும்புத் தளவாடப் பட்டறையை நடத்தி வருகிறேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்று இரும்பு அடுக்குகள் வாங்குவதற்காக இணையத்தில் கோரிய டெண்டரில் முதல் முறையாகக் கலந்துகொண்டேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உதயம் பதிவுச் சான்றிதழை இணைத்து, டெண்டருடன் பிணையாகக் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்குக் கோரியிருந்தேன். தொழில்நுட்ப மதிப்பீட்டிலேயே என் டெண்டரை நிராகரித்துவிட்டார்கள். பிறகு வெளியான முடிவைப் பார்த்தால், ஆணை பெற்றவரின் விலை என் விலையைவிட ஓர் அடுக்குக்கு 140 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான் ஆணை என்றால் இது எப்படி நடந்தது? எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்று ஊரில் சொல்வது உண்மைதானா?

பதில் 1 – கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

தங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் தாங்கள் கொடுத்த விலையை அந்த அலுவலகத்தில் எவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். இரண்டு உறை முறையில் தகுதி ஆவணங்கள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் இருக்கும். முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். எல்-1 என்று நாம் சொல்வது, டெண்டர் போட்ட எல்லாரிலும் குறைந்த விலை கொடுத்தவரை அன்று, தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கொடுத்தவரையே குறிக்கும்.

இனி, முன்வைப்புத் தொகை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி இது மதிப்பீட்டுத் தொகையில் 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கலாம். அதாவது 18 லட்ச ரூபாய்க் கொள்முதலுக்கு 36,000 முதல் 90,000 ரூபாய் வரை. குறு, சிறு நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை தரும் சலுகைகள் பொருளைத் தாமே உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை வழங்குபவர்களுக்குமே உரியவை. 2021 ஜூலையில் வணிகர்களையும் உதயம் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்காக மட்டுமே. தங்கள் சான்றிதழில் முதன்மைச் செயல்பாடு என்ற இடத்தில் 'வணிகம்' என்று இருந்தால் விலக்குக் கிடைத்திருக்காது. விலக்கும் இல்லை, தொகையும் கட்டவில்லை என்ற நிலையில் நிராகரிப்பதைத் தவிர அதிகாரிக்கு வேறு வழி இல்லை. பட்டறையை நேரில் பார்த்த எனக்குத் தெரியும் என்று கோப்பில் எழுத முடியாது. நாளை தணிக்கைக்கு வருபவர் காகிதத்தைத்தான் கேட்பார்.

முன்கூட்டியே முடிவாகிவிடும் டெண்டர்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது நடக்கும் இடம் பெரும்பாலும் விலை உறை அன்று. அதற்கு வெகு முன்பாக, விவரக்குறிப்பையும் தகுதி நிபந்தனைகளையும் எழுதும் மேசையில்தான் அது நடக்கும்.

பதில் 2 – ஓசூர் வழங்குநர்

மேலே ஐயா கடைசியாகச் சொன்னதையே நானும் வலியுறுத்துகிறேன். டெண்டர் ஆவணம் வெளியான அன்றே விலைப்பட்டியல் போட உட்கார்ந்துவிடுவது நம்மில் பலரிடம் உள்ள பழக்கம். தகடு தடிமன், பூச்சு வகை, கேட்கும் சோதனை அறிக்கை, கடந்த 3 ஆண்டு விற்றுமுதல், முன் அனுபவம் ஆகியவற்றை முதலில் படித்துவிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் அடுக்குக்கு மட்டும் பொருந்துமாறு அளவுகள் இருந்தால், டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலோ விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளுக்குள்ளோ எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டதால் நிபந்தனை தளர்ந்து திருத்த அறிவிப்பு வெளியானதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். டெண்டர் திறந்த பிறகு அதே குறையைச் சொன்னால், தோற்றவர் புலம்புகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு அவகாசம் போதாது என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசு விதிப்படி சாதாரணமாக 3 வாரமாவது தர வேண்டும். தமிழ்நாட்டு விதிகளில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள்.

கோவை பட்டறைக்காரர்

இருவருக்கும் நன்றி. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன்; 'வணிகம்' என்றுதான் இருக்கிறது. பதிவு செய்து கொடுத்த இணைய மையத்தில் கேட்டதற்கு, நாற்காலிகளை வாங்கி விற்பதாகவும் நான் சொன்னதால் அப்படித் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார்கள். இப்போது முறையிட்டால் பயன் உண்டா? ஆணை கிடைத்தாலும் பணம் வருவதற்கு ஓராண்டு ஆகும் என்று உறவினர்கள் அச்சுறுத்துவது இன்னொரு கவலை.

பதில் 3 – வழக்கறிஞர்

நிராகரிப்பைக் கேள்வி கேட்பதற்கான வழியை டெண்டர் ஆவணத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது பொது நிதி விதி. மாநில அரசுத் துறையாக இருந்திருந்தால், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, டெண்டர் குறித்த முடிவின் உத்தரவு தங்களுக்குக் கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தங்கள் சான்றிதழே தங்களை வணிகர் என்று சொல்லும்போது முறையீட்டில் என்ன வாதத்தை வைப்பது? அந்த உழைப்பை உதயம் தளத்தில் செயல்பாட்டைத் திருத்துவதில் செலவிடுங்கள். தொழிற்சாலை உரிமம் (பெற்றிருந்தால்), மின் இணைப்பு, இயந்திரப் பட்டியல் ஆகியவையும் தங்களை உற்பத்தியாளர் என்றே காட்ட வேண்டும்.

பணம் தாமதமாவது உண்மைதான். கையில் முதல் இல்லாமல் அரசு ஆணையில் இறங்கக் கூடாது. எனினும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் 45 நாட்களைத் தாண்டித் தவணை பேசிக்கொள்ள முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். கிடைக்காவிட்டால், இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்ப்பதற்காக அதே சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்கக் குழுவிடம் மனுச் செய்யலாம்.

இந்த 45 நாள் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொருள் வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், வந்து சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். வண்டி திரும்புவதற்குள் விநியோகச் சீட்டின் நகலில் கிடங்குப் பொறுப்பாளரின் கையொப்பம், முத்திரை, தேதி மூன்றையும் வாங்கிவிடுங்கள். தேதி இல்லாத கையொப்பத்துடன் என்னிடம் வந்தவர்களுக்கு அந்த நாளை நிறுவுவதற்கே மாதங்கள் ஆகியிருக்கின்றன.